கண்ணாடித் தொட்டியில் பால்

புரட்டாசி 2, செவ்வாய்

காலையில் மேகம். காட்டுப்பள்ளிப் பக்கமிருந்து தெற்குக் காற்று. தொட்டி முடிந்தது.

நான்கு பக்கமும் கப்பலில் வந்த ஜன்னல் கண்ணாடி. அடியில் தேக்குப் பலகை. இடுக்கில் எல்லாம் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம், படகுக்கு அடைப்பது போலவே. நீளம் என் கைக்கு இரண்டு முழம். ஒல்லாந்த மருத்துவர் துரை வீட்டின் பின்தாழ்வாரத்தில், வடக்கு வெளிச்சம் விழுகிற இடத்தில் வைத்தாயிற்று. படகுத் தச்சர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னது: "தண்ணி உள்ள வராம பாத்துதான் பழக்கம். வெளிய போவாம பாக்கறது இதான் மொத தபா."

கடல் தண்ணீரை வீட்டுக்குள் நிறுத்தி மீன் வளர்ப்பது. ஊரெல்லாம் சிரிக்கிறது. துரைக்கு அதைப்பற்றி அக்கறை இல்லை. இந்த உப்பேரி மீன்களையெல்லாம் படமாக்கித் தன் ஊருக்கு அனுப்ப வேண்டும். ஆடியில் நான் பத்து மீன் எழுதிக் கொடுத்தேன், சந்தையில் வாங்கி வந்து, பலகையில் கிடத்தி. ஒல்லாந்தர் கோட்டையில் சீலைக்குப் பூங்கொடி எழுதுகிறவர்களில் மெல்லிய கோடு என்னுடையதுதான் என்று பேர். துரை படங்களைப் பார்த்தார். "எல்லாம் பிணம்" என்றார். அவர் சொன்னது சரி. கரைக்கு வந்த அரை நாழிகையில் மீனுக்கு நிறம் போய்விடும். ஆகவே உயிரோடு நீந்த, நான் எதிரே உட்கார்ந்து எழுத வேண்டும். வாடை தொடங்குவதற்குள் கப்பல் கிளம்பிவிடும். இந்த மாதம்தான் கெடு.

இன்னொன்று எழுத வேண்டும். வலது கண். இன்று ஒரு தடவைதான் முழுதாக எழுதுவேன், இனிமேல் வ.க. யாராவது இதைப் புரட்டினால் வண்ணக் கலவை என்று நினைத்துக்கொள்ளட்டும். சித்திரையிலிருந்து வ.க.வில் புகை. கொடி ஒன்று எழுதினால் இரண்டாகத் தெரிகிறது. பழகின கை, அதனால் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பூ எழுதினால் கை தானாகப் போகிறது. மீன் அப்படி இல்லை. பார்த்துத்தான் எழுத வேண்டும்.

பயமாக இருக்கிறது.


புரட்டாசி 3, புதன்

தூறல், பிறகு வெயில். தொட்டி நிரப்பினார்கள். முகத்துவாரத்தில் கடல் ஏற்றத்தின்போது மொண்ட தண்ணீர், பதினான்கு குடம். அடியில் ஏரி மணல், நான்கு விரல் உயரம். கொஞ்சம் பாசி.

உள்ளே விட்டவை:
மடவைக் குஞ்சு 6
இறால் 10 (சாயங்காலம் 9)
நண்டு 1 (சாயங்காலம் வெளியே எடுத்தாயிற்று. காரணம் மேல் வரியில்)
கடல் குதிரை 1

எல்லாம் வேலம்மா கொண்டுவந்தது. ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வெறும் கையால் தடவியே இறால் பிடிக்கிறவள். என் வயது இருக்கும். தினம் விடியலில் வந்து ஒரு குடம் புதுத் தண்ணீர் மாற்றி, தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு. கடல் குதிரையை உள்ளங்கைத் தண்ணீரில் வைத்துக் கொண்டுவந்தாள். "வலைல மாட்னா தூக்கிப் போட்டுடுவோம். இதுக்கு இன்னா கிராக்கி பாரு" என்று அதனிடமே சொன்னாள்.

தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி நிற்கிறது. துரைக்குத் தமிழ் ஓரளவு வரும், கலங்கல் என்ற சொல் மட்டும் வராது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏன் பால்?" என்றார். முதல் நாள் அப்படித்தான் இருக்கும், படியும் என்றேன். அது எனக்கு எப்படித் தெரியும்?

சாப்பாட்டில் கிழங்கான் மீன். கனகம் முள்ளை எல்லாம் எடுத்துவிட்டுச் சதையை மட்டும் இலையில் வைத்தாள். கல்யாணமாகி இருபது வருஷம், இன்னும் இந்த ஆசை. நன்றாக இருந்தது.


புரட்டாசி 5, வெள்ளி

இறுக்கம், காற்றே இல்லை. தண்ணீர் படியவில்லை. துரை மூன்று தடவை வந்து பால் என்றார்.

கனகத்திடம் சொன்னேன். அடுக்களையிலிருந்து ஒரு தேற்றாங்கொட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள். குளத்துத் தண்ணீர் சேறாக வரும் நாளில் குடத்தின் உட்புறம் இதைத் தேய்த்துத்தானே குடிக்கிறோம்.

"உப்புத் தண்ணிக்குச் சரிப்படுமா?"

"தேத்தாங்கொட்ட எந்தத் தண்ணியையும் தேத்தும். ஒங்கள யாரு தேத்தறதுன்னுதான் தெரில. ரெண்டு மாசமா மூஞ்சி இப்பிடிக் கெடக்குது."

ஒன்றும் இல்லை என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

ஒரு குடத்தில் தேய்த்து, அதைத் தொட்டியில் ஊற்றினேன். பொழுது சாய்வதற்குள் கொஞ்சம் படிந்தது. கடல் குதிரை தெரிந்தது. ஒரு பாசித் தண்டை வாலால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறது, சந்தைக்கு வந்தவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு யாருக்கோ காத்திருப்பது போல. உடம்பெல்லாம் வரிவரியாக வளையம். இடது கண்ணால் பார்த்தேன், வளையம். வ.க.வால் பார்த்தேன், புகையில் ஒரு நிழல். நாளைக்குத் தெளிந்துவிட்டால் துரை எழுதச் சொல்வார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் பக்கத்தில் நிற்கிறவர் கேட்க மாட்டாரா?


புரட்டாசி 6, சனி

புரட்டாசிச் சனி. வீட்டில் மீன் கிடையாது. நாள் முழுக்க மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன், பெருமாள் மன்னிக்கட்டும்.

காலையில் போனால் மறுபடி பால்! நேற்றைவிட அதிகம். துரை தலையில் அடித்துக்கொண்டார். வேலம்மா ஒன்றும் தெரியாதவளாக நின்றாள். நான் வருத்தப்படுவது போல நின்றேன்.

சொன்னால் வெட்கம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தத் தொட்டிக்கு முன்னால் மட்டும் எல்லாரும் என்னைப்போல.


புரட்டாசி 8, திங்கள்

மழை வருவது போல இருந்து வரவில்லை. பூநாரை இன்னும் இறங்கவில்லை. மணலில் கொக்கு மட்டும்.

காலையிலிருந்து உச்சிவரை தொட்டி முன்னால். எழுத ஒன்றும் இல்லை, கேட்க ஒருவரும் இல்லை. இப்படி ஒரு பகல் எனக்கு எப்போது வாய்த்தது? வெள்ளைக்குள்ளிருந்து ஒரு மடவை வரும். கண்ணாடியில் மூக்கை வைக்கும். என்னைப் பார்க்கும். பின்னாலேயே போய் இல்லாமல் ஆகிவிடும். இரண்டாவது வருவது அதேதானா, வேறா? இறாலின் மீசை மட்டும் தனியாக மிதந்து போனது, இறால் இல்லாமல். ஒரு பொழுதில் தொட்டி வெளியே இருக்கிறதா, நான் அதற்குள் இருக்கிறேனா என்றே சந்தேகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊர், கோட்டை, கனகம், எல்லாம் நீந்துகிற மாதிரி.

தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. துரை வீட்டுச் சமையற்காரர் தட்டி எழுப்பினார். "இன்னா, மீனு கனவுல வந்துச்சா?"

வந்தது. கனவில் வ.க. தெளிவாக இருந்தது. அதைச் சொல்லவில்லை.

இறால் 7.


புரட்டாசி 9, செவ்வாய்

தூலிகைப் பெட்டியை நேற்று தாழ்வாரத்தில் மறந்துவிட்டேன். எடுக்க விடியலில் போனேன். கிழக்கு வெளுத்து, கடல் பக்கம் சிவந்திருந்தது.

வேலம்மா தொட்டிமேல் குனிந்து நிற்கிறாள். முந்தானையைத் தோளில் சுருட்டிக்கொண்டு, வலது கையை முழங்கைவரை உள்ளே விட்டு, அடி மணலை மெதுவாகக் கிளறுகிறாள். சோற்றுப் பானையில் அகப்பை விடுகிற மாதிரி. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அத்தனை தண்ணீரும் வெள்ளையாக எழும்புகிறது. குனிந்தபடியே மீன்களிடம் பேச்சு:

"அவ்ளோதான், அவ்ளோதான். இனிமே கொக்குக்குத் தெரியாது. தைரியமா சுத்துங்க கண்ணுங்களா."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை நாளாக நாங்கள் தேற்றினோம், அவள் கலக்கினாள். கெட்ட எண்ணம் துளி இல்லை. ஏரியில் கலங்கின தண்ணீர்தான் மீனுக்கு வீடு.

தூணுக்குப் பின்னால் நின்றேன். அவள் போகிறவரை நின்றேன். பெட்டியை எடுக்காமலே திரும்பிவிட்டேன்.


புரட்டாசி 10, புதன்

சொல்லவில்லை.

துரை: "இன்னும் பால்." நான்: "ஆமாம் துரை."

குழம்பின குட்டையில் மீன் பிடிக்கிறவன் என்று ஊரில் ஒரு வசவு. வேலம்மாவை அப்படித் திட்டினால் அவளுக்கு உறைக்காது. அவள் பிழைப்பே அது. எனக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது.


புரட்டாசி 11, வியாழன்

வெயில். கப்பலில் பொதி ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

துரை இன்று கத்தவில்லை. அதுதான் மோசம். அலமாரியிலிருந்து நீளமான ஜாடிகளை எடுத்துத் துடைத்து வரிசையாக வைத்தார். சாராயம் ஊற்றி மூடும் ஜாடி. உள்ளே போட்டால் உடம்பு கெடாது, நிறம் மட்டும் போய்விடும்.

"ஞாயிறு கோயிலிலிருந்து வருவேன். பார்ப்பேன். பால் என்றால் எல்லாம் சாராயம்." பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டி, "அந்தப் பெண் கெட்ட தண்ணீர் கொண்டுவருகிறாள். ஞாயிறுக்குப் பிறகு வேண்டாம்."

நான் அங்கேதான் நின்றேன். ஒரு வார்த்தை போதும், "துரை, தண்ணீர் நல்ல தண்ணீர்." வாய் வரவில்லை. கடல் குதிரை கண்ணாடி ஓரத்தில் வந்து நின்றது. அதன் ஒரு கண் என்மேல், இன்னொரு கண் வேறெங்கோ. இரண்டு கண்ணும் தனித்தனியாகத் திரும்பும் பிராணி அது. அதற்கு ஒன்று போனாலும் ஒன்று இருக்கும் என்று நினைத்தேன். எனக்கும் அப்படித்தானே. பிறகு எதற்கு இத்தனை பயம்?

சோறு பாதி மிச்சம். கனகம் இலையைப் பார்த்தாள்.


புரட்டாசி 12, வெள்ளி

ஏரிக்கரைக்குப் போனேன். நல்ல வெயில், தண்ணீர் இறங்கும் வற்றம். வேலம்மா இடுப்பளவு தண்ணீரில். கழுத்தில் தொங்குகிற ஓலைப் பையை, பறி என்பார்கள், அதன் வாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அடியைத் தடவிக்கொண்டிருந்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன்.

"வேலம்மா, தொட்டியக் கலக்காத."

"ம்ம்?" பறி வாயில்.

"மணலக் கெளறாத. நான் பாத்தேன்."

பறியை விட்டாள். "கெளறாம வுட்டா இன்னா ஆவும் அதுங்க? நாலு பக்கமும் கண்ணாடி. ஒளிஞ்சிக்க ஒரு எடம் இல்ல. தெளிஞ்ச தண்ணில நிக்கற மீனு கொக்கு வாய்ல நிக்குதுன்னு அர்த்தம். கைக்கொயந்தைக்கும் தெரியும் இது."

"துரை வீட்டுக்குள்ள கொக்கு ஏது?"

"துரையே இருக்காரே. மூக்கப் பாத்தீங்களா?"

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு சாராய ஜாடியைச் சொன்னேன். அவளை வர வேண்டாம் என்றதையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"சாராயத்துலயா? அந்தக் குதிரையையா?" பறியை முதுகுப்பக்கம் தள்ளினாள். "நான் நல்லதுன்னுதான் பண்ணேன். எப்ப பாத்தீங்க நீங்க?"

"செவ்வாக்கெழம."

"இன்னிக்கி வெள்ளி."

நான் வேட்டி மடிப்பை இறுக்கினேன்.

"மூணு நாளா ஏன் சொல்லல?"

ஏரி நடுவில் நிற்கிறோம். கேட்க யாரும் இல்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. வ.க.வைச் சொன்னேன். கொடி இரண்டாகத் தெரிவதை, தண்ணீர் கலங்கியிருக்கும்வரை என் குட்டு வெளிப்படாது என்று இருந்துவிட்டதை, எல்லாம். பெற்றவளிடம்கூட இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினாள், ஒரே வார்த்தை, அதை எழுத வேண்டாம். பிறகு, "கைய குடுங்க" என்றாள். என் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் சேற்றில் அழுத்தினாள்.

"கண்ண மூடுங்க. தொறந்தே இருந்தா கை சோம்பேறியாயிடும்."

மூடினேன். சேறு வெதுவெதுப்பாக இருந்தது. புல். ஒரு கிளிஞ்சல். மீண்டும் சேறு. பிறகு உள்ளங்கையின் நடுவில் பட்டென்று ஒரு துடிப்பு. பிடிப்பதற்குள் போய்விட்டது. ஆனால் அதன் முதுகு, மீசை, வளைந்த வால் எல்லாம் கைக்குத் தெரிந்தன. அந்த ஒரு கணத்தில் அந்த இறாலை எழுதியே இருப்பேன்.

"போச்சா? எனக்கும் மொத வருஷம் பூரா அப்பிடித்தான்."

போகும்போது இரண்டு கை நிறைய மட்டிச் சிப்பி அள்ளித் துணியில் கட்டிக் கொடுத்தாள். "தொட்டில போடுங்க. அது குடிச்சிக் குடிச்சி துப்பும். மட்டி கெடக்கற எடத்துல தண்ணி தானாத் தெளியும். நான் இனிமே கெளறல." நாலடி நடந்துவிட்டுத் திரும்பினாள். "அதுங்க ஒளிய ரெண்டு ஓடாச்சும் போட்டு வைங்க."

மட்டி போட்டாயிற்று. இரண்டு ஓடு, ஓர் உடைந்த பானை வாய்.


புரட்டாசி 13, சனி

தொட்டிப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று சமையற்காரரிடம் சொல்லிவைத்தேன். நானும் போகவில்லை. வெள்ளைத் துணியில் ஒரு கொடி, இருபது பூ. பதினெட்டாவது பூவில் காம்பு இரண்டு.


புரட்டாசி 14, ஞாயிறு

தெளிந்துவிட்டது.

கோயிலிலிருந்து துரை நேராகத் தாழ்வாரத்துக்கு. தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. குனிந்தார். "பால் இல்லை!" இன்னும் குனிந்தார். "தண்ணீரும் இல்லை!" அப்படி ஒரு தெளிவு. சமையற்காரர், தோட்டக்காரர், எல்லாரும் ஓடிவந்து ஆகா என்றார்கள். மடவையின் செதிலில் பச்சையும் நீலமும் ஓடுகின்றனவாம். இறாலுக்குள் அதன் சாப்பாடு தெரிகிறதாம். வேலம்மா கடைசியில் வந்து, ஓட்டுக்குக் கீழே ஒளிந்த இறாலைப் பார்த்து, "பாத்தீங்களா, பயப்படுது" என்றாள். துரை அவளுக்குக் கை கொடுத்தார். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கையை முகர்ந்து பார்த்தாள்.

எனக்கு இடது பக்கம் தெளிவு, வலது பக்கம் பால். தண்ணீர் தெளிந்தபிறகு மிச்சம் இருக்கிற பால் என்னுடையதுதான். அதுவும் இன்று நிச்சயமாகிவிட்டது.

மடவை இரண்டு எழுதினேன். துரை தோளைத் தட்டினார். இறால் ஒன்று. கடல் குதிரையில் நின்றுபோனேன். வளையங்கள் நெருக்கம். ஒன்றுக்குள் ஒன்று ஓடுகிறது.

"எத்தனை வளையம்? சரியாக வேண்டும்" என்றார்.

நாளைக்கு என்றேன்.

வீட்டில் கனகம் மீன் வைத்தாள், முள் எடுத்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் போல உட்கார்ந்திருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன், "கனகம், என் கண்ணு ஒண்ணு போவுது."

அவள் கையிலிருந்த முள்ளைக் கீழே வைத்தாள்.

"தெரியும்."

"எப்பிடி?"

"சித்திரைல ஒரு நாளு முள்ள முழுங்கிட்டு இருமுனீங்களே. அன்னிலேர்ந்து நான்தான எடுத்துப் போடறேன். இன்னான்னு நெனச்சீங்க?"

ஆசை என்று நினைத்தேன். அதைச் சொன்னேன்.

"அதுவுந்தான்" என்றாள்.

அழுதேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.


புரட்டாசி 15, திங்கள்

நல்ல வெயில். துரையிடம் நேராகப் போனேன்.

"துரை, என் வலது கண்ணில் பால்."

என்னை ஜன்னலண்டை நிறுத்தி, இமையை விலக்கி, ரொம்ப நேரம் பார்த்தார். அவர் மூச்சில் புகையிலை.

"ஆமாம். பால்."

அவர் ஊரில் ஊசியால் அதை ஒதுக்கித் தள்ளுவார்களாம். சிலருக்குத் தெளியும், சிலருக்கு இல்லை. எனக்கு இன்னும் பழுக்கவில்லையாம். மாங்காய் மாதிரி சொல்கிறார். இனி யாரிடம் எழுதக் கொடுப்பார் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்: "குதிரை எப்போது முடியும்?"


புரட்டாசி 16, செவ்வாய்

மேகம் இல்லை. மூன்று நாளில் கப்பல்.

வலது கண் (இனி முழுதாகவே எழுதலாம்) நேற்று போலவே. இடது கண்ணுக்கு நீர் கோத்துக்கொண்டது. கோடு இறங்கவில்லை. பக்கத்தில் வேலம்மா குடத்தோடு நின்றாள். துரை காகிதத்தோடு நின்றார்.

"கண்ணால ஏன் மல்லுக்கட்றீங்க?" என்றாள் வேலம்மா. "கைய வுடுங்க."

கையை விட்டேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது. கண்ணை மூடினேன். மட்டி. பாசி. பானை வாய். பிறகு அது. கரடுமுரடாக, விறைப்பாக, கைக்குள் அடங்குகிற ஓர் உயிர். ஓடவில்லை. கழுத்துக்குக் கீழே விரல் நுனியை வைத்து ஒவ்வொரு வளையமாக இறங்கினேன். வாய்விட்டு எண்ணினேன். துரை எழுதிக்கொண்டார். உடம்பில் பதினொன்று. திரும்ப எண்ணினேன், பதினொன்றுதான். வாலுக்கு வந்தேன். ஏழு, எட்டு, ஒன்பது.

அங்கே கணக்கு விட்டுப்போயிற்று. வாலை என் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டது. துரை "பிறகு? பிறகு?" என்கிறார். வேலம்மா "இருங்க துரை, புடிச்சிக்கினு இருக்குது" என்கிறாள். நான் கண்ணைத் திறக்கவில்லை. விடுகிறபோது விடட்டும்.